தோட்டாவுக்கு வேர்த்தது

"நாலு மணி. அதுக்கு மேல ஒரு நிமிஷம்கூடத் தர முடியாது, வக்கீலம்மா" என்றார் இன்ஸ்பெக்டர்.

சுவர்க் கடிகாரம் ஒன்றரை காட்டியது. அதன் கீழே இருந்த பெஞ்சில் கிடங்குக்காரர் கைகளை முழங்காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருபத்தாறு வருடங்களாக அரசு ஆயுதக் கிடங்கின் சாவியை இடுப்பில் சுமந்தவர். இன்று இடுப்பில் சாவி இல்லை. பக்கத்தில் நர்ஸ் உடுப்பிலேயே ஓடி வந்திருந்த அவருடைய மகள்.

வக்கீலம்மா வக்கீல் தொழிலை விட்டு ஏழு வருடம் ஆகிறது. இப்போது துப்பறிவதுதான் பிழைப்பு. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. கூடவே ஒட்டிக்கொண்டவன் அவள் கணவனின் தம்பி. நிலைப்படி தோறும் தலையை இடித்துக்கொள்கிற உயரம். அவனை எல்லோரும் நெட்டை என்றே கூப்பிட்டார்கள்.

"நாலு மணிக்கு என்ன சார், நல்ல நேரமா?" என்றான் நெட்டை.

"மாஜிஸ்திரேட் அஞ்சு மணிக்குக் கிளம்பிடுவார். அதுக்குள்ள இவரை ஒப்படைக்கணும்."

"நீங்க முதல்ல இருந்து சொல்லுங்க" என்றாள் வக்கீலம்மா.

இன்ஸ்பெக்டர் தன் மார்பை விரல் முட்டியால் தட்டினார். காக்கிச் சட்டைக்கு மேல் கவச உடை. உள்ளே இரும்புத் தகடு. டொக், டொக்.

"போன வாரம் ஜெயில் வாசல்ல ஒரு கும்பல் சுட்டது. காவலர் ஒருத்தர் இதே தகடு போட்டிருந்தார். குண்டு தகட்டைத் துளைச்சு நெஞ்சுக்குள்ள போயிடுச்சு. பிழைச்சுக் கிடக்கார், நினைவு இல்லை. தகடு செஞ்ச கம்பெனி எங்க கண் முன்னாடியே சோதனை பண்ணிக் காட்டிச்சு. பச்சை முனைத் தோட்டா பத்து சுட்டாங்க. ஒண்ணும் துளைக்கலை. வெளி ஜில்லாவுல இருந்து வரவழைச்ச கறுப்பு முனை ஒண்ணே ஒண்ணு. வெண்ணெயில கத்தி மாதிரி போச்சு. கறுப்பு முனை இந்த ஜில்லாவுலயே ஒரே இடத்துலதான் இருக்கு." கை பெஞ்சைக் காட்டியது.

"என் பெட்டியில ஒண்ணுகூடக் குறையலைங்க" என்றார் கிடங்குக்காரர்.

"குறையாது. சாதாரணத் தோட்டா முனையில கறுப்புப் பெயிண்ட் அடிச்சு வெச்சா எண்ணிக்கை எப்படிக் குறையும்? அறுத்துப் பார்க்க அந்தப் பெட்டியை ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கோம். மூணு வாரம் ஆகும்."

"மூணு வாரத்துல எங்க மாமனார் தலைக்கு அடிச்ச மையே வெளுத்துடும் சார்" என்றான் நெட்டை. யாரும் சிரிக்கவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை.

வக்கீலம்மா கிடங்குக்காரர் பக்கம் திரும்பினாள். "கறுப்பு முனைன்னா என்னங்க விசேஷம்?"

அவர் முதல் முறையாக நிமிர்ந்தார். தொழிலைப் பற்றிக் கேட்டதும் குரலில் தெம்பு வந்தது.

"ஒரு காலத்துல குண்டெல்லாம் மழுங்கின முனைம்மா. அப்புறம் கூராக்கினாங்க, தூரமாப் போச்சு. சண்டையில எதிராளி இரும்புத் தகட்டுக்குப் பின்னால ஒளிஞ்சான். உடனே குண்டுக்குள்ள கெட்டியான உருக்கு ஊசியை வெச்சாங்க. மேல செம்புத் தோல், நடுவுல ஈயம், உள்ள ஊசி. பழத்துக்குள்ள கொட்டை மாதிரி. அடையாளத்துக்கு முனையில கறுப்பு. தோலும் ஈயமும் தகட்டுல பிச்சுக்கும், கொட்டை மட்டும் உள்ள போகும்."

"பச்சை முனை?"

"அதுல முனையில மட்டும் சின்ன உருக்குத் துண்டு. எடை கொஞ்சம் ஜாஸ்தி. தூரத்துல நல்லா நிக்கும்."

"அப்பா, அந்தக் கொட்டை விஷயம்..." என்றாள் மகள். பிறகு வக்கீலம்மாவிடம் திரும்பினாள். "அந்தக் காவலர் எங்க வார்டுலதான் இருக்கார். எக்ஸ்ரே நான் பார்த்தேன். குண்டு வெளிய போகலை. ஆனா உள்ள வெறும் ஈயத் துணுக்குதான். ஊசி மாதிரி எதுவும் இல்லை."

"பழம் இருக்கு, கொட்டையைக் காணோம்" என்றான் நெட்டை.

"அப்பனைக் காப்பாத்த மக சொல்றா" என்றார் இன்ஸ்பெக்டர். "ஊசி தகட்டுல பட்டு உடைஞ்சிருக்கலாம்னு கம்பெனியில சொல்றாங்க."

"கும்பல் ஏதாவது விட்டுட்டுப் போனாங்களா?"

இன்ஸ்பெக்டர் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு உறையை எடுத்துக் கவிழ்த்தார். ஏழு தோட்டாக்கள். முனையில் பச்சையும் இல்லை, கறுப்பும் இல்லை. வெறும் செம்பு.

"காரை விட்டுட்டு ஓடினப்போ சிக்கினது. நாற்பது வருஷப் பழசு. உள்ள ஈயம் மட்டும்தான். வாசல்ல பொறுக்கின காலிக் கூடுகளும் இதே வருஷம். இதோட கறுப்பு முனை ஒண்ணைக் கலந்து வெச்சிருந்திருக்கானுங்க."

"இந்தத் தோட்டாவை அந்தத் தகட்டுல சுட்டுப் பார்த்தீங்களா?"

இன்ஸ்பெக்டர் ஒரு தோட்டாவை விரலால் உருட்டினார். "எதுக்கு? உருக்கு முனை வெச்ச பச்சையையே தடுக்குது. வெறும் ஈயத்தைத் தடுக்காதா? தேவையில்லைன்னு சோதனை மாஸ்டரே சொல்லிட்டார்."

பெஞ்சிலிருந்து கிடங்குக்காரர் மெல்லச் சொன்னார்: "பழசுன்னு இளக்காரம் வேண்டாம்மா. அது எடை குறைவு. நீளக் குழல் துப்பாக்கியில போட்டா பச்சையைவிட வேகம். கிட்டத்துல இரும்புக்கு எதிர்ல நின்னா கெட்டி ஜெயிக்கிறதில்லை, சில சமயம் வேகம்தான் ஜெயிக்குது."

வக்கீலம்மா எழுந்துவிட்டாள்.

"ஜீப்பை எடுங்க இன்ஸ்பெக்டர். உங்க ஏழு தோட்டாவையும் எடுத்துக்குங்க."

"ஏழு முடியாது. கோர்ட்டுக்கு ரெண்டாச்சும் வேணும்." ஐந்தை உறையில் போட்டார். இரண்டை வேறொரு சின்ன உறையில் போட்டு ஒட்டி, சட்டைப் பையில் செருகினார். கவசத்துக்கு அடியில், நெஞ்சோடு நெஞ்சாக.

*

தகடு கம்பெனியின் சோதனைக் கொட்டகை நீளமான சுரங்கம் போல இருந்தது. ஒரு முனையில் மணல் மூட்டைகள், அதன் முன்னே தகட்டைப் பொருத்தும் சட்டம். மறு முனையில் இரும்புத் தாங்கியில் இறுக்கிய நீளக் குழல் ரைஃபிள். கூரைத் தகரத்தில் வெயில் வறுத்தது. மின்விசிறி சுற்றியது, காற்றுதான் வரவில்லை.

"வாங்க வாங்க!" முதலாளி கையை அகல விரித்தார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத சிரிப்பு. "என் பிள்ளை போலீஸ்ல சேர்ந்தா இதே தகட்டைத்தான் மாட்டி அனுப்புவேன். எத்தனை தடவை வேணும்னாலும் சுட்டுப் பாருங்க. மாஸ்டர்!"

சோதனை மாஸ்டர் ஐம்பது வயது, ஒல்லி. காதில் ஒரு மஞ்சள் பெயிண்ட் பேனாவைச் செருகியிருந்தார். தோட்டா உறையை வாங்கியவர், கொடுத்தவர் முகத்தைப் பார்க்காமல் உள்ளே எட்டிப் பார்த்தார். ஒரு கணம் கை நின்றது. வக்கீலம்மா அதைப் பார்த்தாள்.

"இந்தப் பழசா?" என்றார்.

"தடுக்காதா?" என்றாள் வக்கீலம்மா.

"தடுக்கும், தடுக்கும். ஆனா விதிப்படி தோட்டாவை முக்கால் மணி நேரம் பெட்டியில வைக்கணும். எல்லாத் தோட்டாவும் ஒரே சூட்டுல இருந்தாத்தான் சோதனை செல்லும்." மூலையில் இருந்த ஒரு பழைய வெள்ளைப் பெட்டிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். சின்ன ஃபிரிட்ஜ் மாதிரி இருந்தது. ஒரு கால் உடைந்து, அந்த இடத்தில் ஏதோ கனமான இரும்பைச் சொருகி முட்டுக் கொடுத்திருந்தார்கள்.

வக்கீலம்மாவின் பார்வை மாஸ்டரிடமிருந்து முதலாளிக்கும், முதலாளியிடமிருந்து மாஸ்டருக்கும் போய் வந்தது. ஒருவர் அதிகமாகச் சிரித்தார். ஒருவர் சிரிக்கவே இல்லை. எது மோசம் என்று அவளுக்குத் தீர்மானிக்க முடியவில்லை.

முதலாளி காத்திருக்கும் நேரத்தில் பச்சை முனையைச் சுட்டுக் காட்டச் சொன்னார். துப்பாக்கி விசையில் கட்டியிருந்த கயிற்றை மாஸ்டர் இழுத்ததும் கொட்டகை அதிர்ந்தது; தாங்கிக்குப் பின்னால் ஒரு சின்னக் கருவியில் சிவப்பு எண்கள் மின்னின. மாஸ்டர் தகட்டிடம் போய், குழியைச் சுற்றி மஞ்சள் பேனாவால் வட்டம் போட்டு, எண் எழுதி, தேதி எழுதிவிட்டு வந்தார். மறுபடி சுட்டார். மறுபடி வட்டம், எண், தேதி.

"கோலம் போடறாரா அண்ணி?" என்று நெட்டை காதில் கிசுகிசுத்தான்.

"எல்லாக் குழிக்கும் போடுவீங்களா மாஸ்டர்?" என்று வக்கீலம்மா கேட்டாள்.

"இருபது வருஷப் பழக்கம்மா. போடாட்டி கை அரிக்கும்."

நெட்டைக்கு நாக்கு வறண்டது. பெட்டி ஃபிரிட்ஜ் மாதிரிதானே இருக்கிறது, தண்ணீர் பாட்டில் இல்லாமலா போகும் என்று திறந்தான். முட்டுக் கொடுத்திருந்த இரும்பில் கால் கட்டைவிரல் இடித்து "அம்மா!" என்று கத்தினான்.

"அதைத் திறக்காதே!" மாஸ்டர் பாய்ந்து வந்து சாத்தினார்.

"தண்ணி தேடினேன் சார். உள்ள தோட்டாதான் தூங்குது. எனக்கு வாய்ச்சது அதுதான்."

மூன்று மணி பத்து. மாஸ்டர் பெட்டியிலிருந்து தோட்டாவை ஒவ்வொன்றாக எடுத்தார். ஒரு துணியால் துடைத்தார். துப்பாக்கியில் போட்டார். கயிறு.

டமார்.

இன்ஸ்பெக்டர் ஓடிப் போய்ப் பார்த்தார். "குழிதான். துளைக்கலை."

இரண்டாவது. துடைத்தார், போட்டார், சுட்டார். குழி. மூன்றாவது. நான்காவது. ஐந்தாவது. எல்லாம் குழி.

முதலாளியின் சிரிப்பு காது வரை போனது. "நான்தான் சொன்னேனே அம்மா. ஈயம் ஈயம்தான்."

இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மூணு இருபத்தஞ்சு. பாவம் அந்த நர்ஸ் பொண்ணு. கிளம்பலாமா?"

நெட்டையின் நீளமெல்லாம் சுருங்கிப் போயிற்று. "அண்ணி, கவுத்துட்டாங்களே."

வக்கீலம்மா துப்பாக்கித் தாங்கிக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்னக் கருவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அதன் மேல் ஒரு சாக்குத் துணி. "இது என்ன மாஸ்டர்?"

"வேகம் அளக்கிறது. பேட்டரி போயிடுச்சு."

"பச்சை முனையைச் சுட்டப்போ எரிஞ்சுதே. சிவப்பா நம்பர் வந்துதே."

"அப்புறம்தான் போச்சு."

"ஓ." அவள் மேஜைக்குப் போய், மாஸ்டர் தோட்டா துடைத்த துணியை எடுத்தாள். கையில் வைத்துப் பிழிந்தாள். ஒரு சொட்டுத் தண்ணீர் சிமெண்ட் தரையில் விழுந்தது.

"நெட்டை, பெட்டியைத் திறந்தியே. உள்ள எப்படி இருந்துச்சு?"

"சொர்க்கமா இருந்துச்சு அண்ணி. முகத்துல ஜில்லுனு அடிச்சுது. ஐஸ் கம்பெனி தோத்தது."

"பச்சை முனையை மாஸ்டர் எங்க இருந்து எடுத்தார்?"

நெட்டை யோசித்தான். "மேஜை மேல இருந்த டப்பாவுல இருந்து. பெட்டியில வைக்கலையே! துடைக்கவும் இல்லை!"

"ஆமா. விதி பழைய தோட்டாவுக்கு மட்டும்தான் போல." வக்கீலம்மா துணியை மேஜையில் விரித்தாள். ஐந்து ஈரக் கறைகள். "ஐஸ் தண்ணி டம்ளருக்கு வெளியில வேர்க்கும், பார்த்திருப்பீங்க. தோட்டாவுக்கும் வேர்த்திருக்கு. ஈரத்தோட போட்டா கூடு துப்பாக்கியில சிக்கிக்கும்னு மாஸ்டருக்குத் தெரியும். தொழில் தெரிஞ்ச கை, துடைக்காமப் போட மனசு வரலை. தொழில் தெரியாதவன் அப்படியே போட்டிருப்பான். நானும் ஏமாந்திருப்பேன்."

"குளிர்ந்தா என்ன ஆகும்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"மருந்து சோம்பேறி ஆகும். மெதுவா எரியும். குண்டு வேகம் குறையும். கிடங்குக்காரர் சொன்னது ஞாபகம் இருக்கா? இந்த ஈயத்துக்கு இருக்கிற ஒரே பலம் வேகம். அதைத்தான் பெட்டியில வெச்சுப் பறிச்சிருக்காங்க. அளக்கிற கருவிக்கும் முக்காடு போட்டாச்சு."

மாஸ்டர் தரையைப் பார்த்தார். முதலாளி சிரிப்பை நிறுத்தாமலே சொன்னார்: "கற்பனைம்மா இது. தோட்டா தீர்ந்து போச்சு. இனி எப்படி நிரூபிப்பீங்க?"

வக்கீலம்மா இன்ஸ்பெக்டரின் மார்பைக் காட்டினாள். "ரெண்டு அங்க இருக்கு. இந்த வெயில்ல கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரமா உங்க நெஞ்சுச் சூட்டுல வெந்துக்கிட்டு இருக்கு."

"கோர்ட்டுக்கு வெச்சிருக்கேன்."

"ஒண்ணு கோர்ட்டுக்கு. ஒண்ணு கிடங்குக்காரருக்கு."

இன்ஸ்பெக்டர் கைக்கடிகாரத்தை இன்னொரு முறை பார்த்தார். மின்விசிறி கடகடத்தது. பிறகு கவசத்துக்குள் கையை விட்டு உறையை எடுத்தார். கிழித்தார். ஒரு தோட்டாவைத் தானே துப்பாக்கியில் போட்டார். கருவியின் சாக்குத் துணியை நெட்டை உருவி எறிந்தான். செத்துப் போன பேட்டரி சிவப்பாகக் கண் விழித்தது.

"புதுத் தகடு மாட்டுங்க" என்றார் இன்ஸ்பெக்டர். "நீங்க இல்லை மாஸ்டர். நெட்டை, நீ போ. அந்த அடுக்குல மேல இருந்து மூணாவது."

நெட்டை மாட்டிவிட்டு வந்தான். இன்ஸ்பெக்டர் கயிற்றை இழுத்தார்.

டமார்.

இந்த முறை யாரும் ஓடவில்லை. ஓட வேண்டிய அவசியம் இல்லை. தகட்டின் நடுவே, பின்னால் இருந்த மணல் மூட்டையின் வெளிர் நிறம் ஒரு பொட்டாகத் தெரிந்தது. மூட்டையிலிருந்து மணல் சன்னமாக ஒழுகும் சத்தம் கேட்டது.

"கறுப்பு முனையே வேண்டாம்" என்றாள் வக்கீலம்மா. "உருக்கு முனையைத் தடுத்தா ஈயத்தையும் தடுக்கும்னு எல்லாரும் நம்பினாங்க. எந்தத் தோட்டாகிட்ட தகடு தோற்கும்னு தெரிஞ்சவங்க அந்த நம்பிக்கைக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டாங்க."

முதலாளியின் சிரிப்பு இப்போதுதான் மடிந்தது. ஆனால் அவர் ஒரு விநாடியைக்கூட வீணாக்கவில்லை. மாஸ்டர் பக்கம் திரும்பி விரலை நீட்டினார்.

"நீ என்னய்யா பண்ணி வெச்சிருக்கே? தோட்டாவைக் குளிர வெச்சியா? என்னை ஏமாத்திட்டியேடா பாவி! இன்ஸ்பெக்டர், எனக்கு எதுவும் தெரியாது. சோதனை முழுக்க இவன் பொறுப்பு. இவனைப் பிடிங்க."

இன்ஸ்பெக்டர் மாஸ்டரின் தோளில் கை வைத்தார்.

மாஸ்டர் திமிறவில்லை. வெகு நிதானமாகச் சொன்னார்: "சார், ஒரு நிமிஷம். தம்பி, அந்தப் பெட்டியைக் கொஞ்சம் தூக்கு."

"மறுபடியும் நானா? என் கட்டைவிரல் இன்னும் வீங்கியிருக்கு" என்றபடி நெட்டை பெட்டியை ஒரு பக்கம் சாய்த்தான். மாஸ்டர் குனிந்து, உடைந்த காலுக்கு முட்டுக் கொடுத்திருந்த இரும்பை உருவினார். தூசியைத் தன் சட்டையால் துடைத்தார். திருப்பினார்.

கவசத் தகடு. நடுவே ஒரு துளை. துளையைச் சுற்றி மஞ்சள் வட்டம். பக்கத்தில் எண். தேதி, நான்கு மாதத்துக்கு முந்தியது.

"அரசாங்கத்துக்கு அனுப்புறதுக்கு முன்னாடி நான் பழைய தோட்டாவையும் சுட்டுப் பார்த்தேன். துளைச்சுது. முதலாளிகிட்ட கொண்டு போனேன். சொன்ன தேதிக்கு மத்ததை அனுப்பியே ஆகணும், இதை உருக்குற உலையில போடுன்னார். தோத்த தகட்டுல முதலாளி கையெழுத்து இல்லாம உலையில எடுக்க மாட்டாங்க. அவர் போட்ட விதிதான்." மாஸ்டர் தகட்டின் கீழ் ஓரத்தைக் காட்டினார். மஞ்சள் பெயிண்டில் சுழித்த கையெழுத்து. "கையெழுத்து வாங்கினேன். உலையில போடலை. என்னைக்காவது விரலை என் பக்கம் நீட்டுவார்னு தெரியும்."

முதலாளியின் நீட்டிய விரல் இன்னும் அந்தரத்தில் இருந்தது. அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"நாலு மாசமா இதை வெச்சுக்கிட்டு சும்மா இருந்தீங்களே. ஒரு ஆள் நெஞ்சுல குண்டோட கிடக்கார். இன்னொருத்தர் பெஞ்சுல உட்கார்ந்திருக்கார்" என்றாள் வக்கீலம்மா.

மாஸ்டர் காதிலிருந்த பேனாவை எடுத்தார். சட்டத்தில் மாட்டியிருந்த தகட்டின் புதிய துளையிடம் நடந்து போனார். வட்டம் போட்டார். எண் எழுதினார். தேதி எழுதினார். பிறகு திரும்பி வந்து, இரண்டு கைகளையும் இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார்.

"ரெண்டு பேருமே ஜீப்ல ஏறுங்க" என்றார் இன்ஸ்பெக்டர். வயர்லெஸ்ஸை எடுத்தார். "ஸ்டேஷன்? கிடங்குக்காரரை அனுப்பிடு. ஆமா, வீட்டுக்கு. சாவியைக் கையில கொடுத்து அனுப்பு. மக பக்கத்துல இருந்தா முதல்ல அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு."

மூன்று மணி ஐம்பது.

"அப்புறம் இன்னொண்ணு. புதுக் கவசம் போட்டு வெளிய நிக்கிற நம்ம ஆளுங்க எத்தனை பேர்?" மறுமுனை ஏதோ சொன்னது. இன்ஸ்பெக்டரின் முகம் வெளுத்தது. "எல்லாரையும் உள்ள வரச் சொல்லு. காரணம் அப்புறம் சொல்றேன். உடனே."

வயர்லெஸ்ஸை வைத்துவிட்டு, தன் கவசத்தின் பட்டிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். தகட்டை உருவி, மாஸ்டரின் தகட்டுக்குப் பக்கத்தில் மேஜையில் வைத்தார். ஓரத்தில் பொறித்த வரிசை எண்கள் இரண்டிலும் ஒன்றுபோலவே தொடங்கின.

"வர்ற வழியெல்லாம் அந்தத் தோட்டாவையும் தகட்டையும் ஒரே நெஞ்சுல வெச்சுக்கிட்டு வந்தீங்க சார். ரெண்டும் சமாதானமா இருந்ததே பெரிய விஷயம்" என்றான் நெட்டை.

இன்ஸ்பெக்டர் சிரிக்க முயன்றார். பழக்க தோஷத்தில் மார்பை விரல் முட்டியால் தட்டினார்.

சத்தம் வரவில்லை.